ஸ்டாம்ப் கண்காட்சி நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்துப் பெரியவங்களுக்கும் ஜூரியா உக்கார்ற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடப் பசங்களுக்குன்னு நீங்க ஒதுக்குற ஃப்ரேம்ல, அதாவது ஸ்டாம்ப் மாட்டி வெக்கிற பலகைல, எங்க பார்த்தாலும் பட்டாம்பூச்சி, கிரிக்கெட், ராக்கெட்தான். அழகா இருக்கு, குறை சொல்லல. ஆனா அந்த ஸ்டாம்புக்குப் பல் (கிழிக்க ஓட்டை போட்டதால ஓரத்துல வர்றது) எத்தனை, பேப்பருக்குள்ள வாட்டர்மார்க் இருக்கான்னு கேட்டா பையன் முழிக்கிறான், பக்கத்துல நிக்கிற அவங்கப்பாவும் சேர்ந்து முழிக்கிறார்.

அடுத்த தடவை டாக்டர் ழாக் அமாப்ல் லெக்ரானுக்கு ஒரே ஒரு ஃப்ரேம் குடுங்க. 1820-ல பொறந்து 1912 வரைக்கும் வாழ்ந்த பிரெஞ்சு டாக்டர், ஸ்டாம்ப் பத்தி எழுதுறப்போ மட்டும் 'டாக்டர் மாக்னுஸ்'னு புனைபெயர். அந்தக் காலத்துல நிறைய பேருக்குப் படம்தான் முக்கியம், ஆல்பத்துல அடங்கலன்னு பல்லையே கத்தரிச்சு ஒட்டினவங்களும் உண்டு (இப்ப நினைச்சா வயிறு எரியுது). இந்த மனுஷன் பார்த்தது ஓரத்தை. 1866-ல பர்ஃபரேஷன் கேஜ், அதாவது பல் அளக்குற அளவுகோல், கொண்டு வந்தார், 2 செ.மீ. நீளத்துல எத்தனை ஓட்டைன்னு பார்க்கணும், 14 இருந்தா பர்ஃப் 14, அவ்ளோதான் விஷயம். ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும் கேட்டலாக்ல இருக்கிறது அதே 2 செ.மீ. கணக்குதான்.

பல் எண்ணுறதுல என்னய்யா வரலாறுன்னு கேப்பீங்க. பிரிட்டன்ல 1854-ல விக்டோரியா ராணி படம் போட்ட சிவப்பு நிற பென்னி ரெட் ஸ்டாம்பை பர்ஃப் 16-ல விட்டாங்க, ஓட்டை ரொம்ப நெருக்கம், கையில எடுக்குறப்பவே ஷீட் பிஞ்சு வந்துச்சு, அதனால 1855-ல 14-க்கு மாறிட்டாங்க. அதே ராணி, அதே சிவப்பு, ஆனா ஒரு ஆபீஸ் பட்ட அவஸ்தை முழுக்க அந்த ஓரத்துல பதிஞ்சு கிடக்கு. நம்ம பக்கமும் அப்படித்தான், 1854-ல வந்த இந்திய அரையணாவுக்குப் பல்லே கிடையாது, கத்தரிக்கோல் வெச்சு வெட்டணும், இலங்கையோட 1857 ஆறு பென்ஸும் அதே கதை, அங்க பல் வந்தது 1861-லதான். பல்லை சீவிட்டு 'இம்பர்ஃப்' (பல்லில்லாமலே வந்தது)னு அதிக விலைக்குத் தள்றவங்க இன்னைக்கும் இருக்காங்க, அதுக்காகவாவது பசங்களுக்கு ஓரம் பார்க்கத் தெரியணும்ல?

நோயாளியைப் பார்க்குற டாக்டர் எதையும் அளக்காம விடமாட்டார், அந்தப் புத்திதான் இங்கயும் வேலை செஞ்சிருக்குன்னு எனக்குத் தோணும், இது என் ஊகம்தான்.

பெரிய செலவெல்லாம் இல்ல சார். ஒரு மேஜை, நாலு கேஜ், ரெண்டு லென்ஸ், கிலோ கணக்குல வர்ற பழைய யூஸ்டு ஸ்டாம்ப்ல ஒரு டப்பா. கேஜ்ல இருக்குற புள்ளி வரிசை மேல ஸ்டாம்பை வெச்சு மெதுவா நகர்த்திக்கிட்டே போனா ஒரு இடத்துல பல்லும் புள்ளியும் டக்குனு பொருந்தும், அதை ஒரு தடவை பசங்க கையால செய்யட்டும். ஜூரி மார்க் போடுறப்போ ஸ்டாம்போட பல்லு, பேப்பர் விவரத்தை எழுதி வெச்ச பிள்ளைக்கு ரெண்டு மார்க் சேர்த்துப் போடுங்க. மேஜைக்கு ஆள் இல்லன்னா சொல்லுங்க, நான் வந்து உக்காந்துக்குறேன், மதியம் சாப்பாடு மட்டும் உங்க பொறுப்பு.