சூட்டில் உதிரும் பூ

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள செல்வராசு,

நலம். பூமழை தவறாமல் பெய்து காப்பி நன்றாகப் பூத்திருப்பதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே பத்து மணிக்கு மேல் வெளியே தலைகாட்ட முடியவில்லை. மாடித் தக்காளி கொத்துக் கொத்தாய்ப் பூத்து, பிஞ்சு பிடிக்காமல் காம்போடு உதிர்கிறது. உரம் போதவில்லை என்கிறாள் உன் தங்கச்சி. சூட்டில் மகரந்தம் கெடுகிறது என்கிறேன் நான்.

அந்தச் சாக்கில் பழைய பாடத்தைப் புரட்டினேன். செல்லுக்குள் எண்டோபிளாச வலையில் புரதங்கள் மடிந்து உருப்பெறும் என்று படித்தோமே, வெயில் ஏறினால் அந்த மடிப்பு பிசகுகிறது. பிசகினவை குவிந்தால், மடிக்க உதவும் புரதங்களை இன்னும் செய் என்று உட்கருவுக்குச் சேதி போயாக வேண்டும். ஒரு வழி எளிது. பிஸிப்28 என்ற புரதம் வலையின் சவ்வில், பிப் என்ற உதவிப் புரதத்தின் பிடியில் கிடக்கிறது. பிசகினவற்றைக் கவனிக்கப் பிப் போய்விட்டால் இது தாம்பு அவிழ்ந்த கன்றுதான். செல்லிலேயே இருக்கும் கோல்கை உறுப்புக்குப் போய், அங்கே நொதியால் அறுபட்டு, உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை முடுக்கிவிடுகிறது.

இன்னொரு வழிதான் என்னை உட்காரவைத்துவிட்டது. ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டுவது உட்கருவுக்குள் நடக்கும் என்று எழுதித்தானே மார்க் வாங்கினோம்? இங்கே வெளியே வந்துவிட்ட தூது ஆர்.என்.ஏ.வை, வலைச் சவ்விலேயே இருக்கும் ஐ.ஆர்.இ.1 என்ற புரதம் வெட்டுகிறது. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 2011இல் கண்டார்கள். பிஸிப்60 என்ற இன்னொரு புரதத்தைச் செய்யச் சொல்லும் தூது ஆர்.என்.ஏ.விலிருந்து போவது வெறும் 23 எழுத்து. மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கும் அந்த ஆர்.என்.ஏ.வில் 23 போனால் கணக்கு இடறி, அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் வேறாக வாசிக்கப்படும். அப்படி வரும் புரதத்தில் சவ்வில் மாட்டிக்கொள்ளும் பகுதியே கிடையாது. நேரே உட்கருதான். ஈஸ்டில் இதே வேலைக்கு 252 எழுத்து போகிறது, நமக்கு 26.

ஐ.ஆர்.இ.1 இல்லாத அராபிடாப்சிஸ் சாதாரண வெப்பத்தில் ஒழுங்காகக் காய்க்கிறது. சூடு கூட்டினால் மகரந்தம் கெட்டு மலடாகிறது. தக்காளிக்கும் இதேதான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் உரக்கடையில் நீட்டிய டானிக்கை வாங்கப்போவதில்லை.

சரி, உன் கீழ்ச்சரிவு அராபிகாக் காப்பியில் சரியாக விரியாத பச்சை நட்சத்திரப் பூ இந்த வருஷம் உண்டா? எழுது. மலர்க்கண்காட்சிக் கூட்டத்தில் நாங்கள் மேலே வருவதாயில்லை, ஜூனில் வருகிறோம். அதற்குள் மல்கோவா இறங்கினால் ஏற்காடு பஸ்ஸில் ஒரு கூடை கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
தங்கவேலு