டேஞ்சரின் ட்ரீமின் முதல் தட்டில் சிந்தசைசர் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியின் டேஞ்சரின் ட்ரீம் குழு வெளியிட்ட முதல் இசைத்தட்டான 'எலக்ட்ரானிக் மெடிட்டேஷன்' பற்றிச் சென்ற வார இசைப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பத்திரிகையில் இப்படி ஒரு தட்டுக்கு அரைப் பக்கம் கிடைத்ததே பெரிய விஷயம். ஆனால் அதைச் 'சிந்தசைசர் இசையின் தொடக்கம்' என்றதும், பின்னணியில் தம்பூரா ஒலிக்கிறது என்றதும் சரியல்ல. மின்சுற்றால் ஒலி உண்டாக்கும் சிந்தசைசரும் இல்லை, தம்பூராவும் இல்லை அந்தத் தட்டில்.

1969 அக்டோபரில் பெர்லினில் வாடகைக்குப் பிடித்த ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில் பதிவானது அது. எட்கார் ஃப்ரோசே கிட்டாரும் ஆர்கனும், கொன்ராட் ஷ்னிட்ஸ்லர் செல்லோவும் வயலினும், க்ளாஸ் ஷுல்ட்சே டிரம்ஸும் வாசித்தார்கள். ஜிம்மி ஜாக்சனின் ஆர்கனும் தாமஸ் கைசர்லிங்கின் புல்லாங்குழலும் சேர்ந்துகொண்டன. 'ஓர்' (Ohr) என்ற ஜெர்மன் இசைத்தட்டு நிறுவனம் 1970 ஜூனில் வெளியிட்டது. சிந்தசைசர் வந்தது 1971இல், 'ஆல்ஃபா சென்டாரி' தட்டில்தான். அதற்குள் ஷுல்ட்சேயும் ஷ்னிட்ஸ்லரும் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். கட்டுரையாளர் தம்பூரா என்று எண்ணியது செல்லோவும் ஆர்கனும் ஒரே சுரத்தில் இழைவதைத்தான்.

விசித்திரமான மற்றச் சத்தங்களுக்கும் பொருள் உண்டு. காய்ந்த பட்டாணியைச் சல்லடையில் போட்டு ஆட்டியிருக்கிறார்கள். கண்ணாடி உடையும் சத்தமும் தோல்தாள் எரியும் சத்தமும் உண்டு. ஷ்னிட்ஸ்லர் வைத்திருந்த 'அடியேட்டர்' சட்டைப்பையில் அடங்கும் கூட்டல் கருவி. சிறு குச்சியால் தகட்டுப் பட்டைகளை மேலும் கீழும் இழுத்துக் கணக்குப் போடுவார்கள். மின்சாரமே தேவைப்படாத சாமான் அது. தட்டின் பெயரில் மட்டும் எலக்ட்ரானிக்!

முக்கியமான கருவி ரேவாக்ஸ் டேப் ரெக்கார்டர், அதுவும் இரண்டே தடம் (டேப்பில் ஒலியைத் தனித்தனியாகப் பதியும் வரிசை) கொண்டது. எட்டு, பதினாறு தடங்களில் பதிந்தால் செல்லோவை ஒரு தடத்தில் தனியாக வைத்துப் பிறகு கூட்டலாம், குறைக்கலாம். இங்கே அந்த வழியில்லை. இடம், வலம் இரண்டிலும் எல்லாமே கலந்துதான் விழுந்திருக்கிறது. டிரம்ஸ் செல்லோவை அமுக்கினால் அமுக்கியதுதான். 'ரீமாஸ்டர்' என்று ஒட்டி வரும் மறுபதிப்புகளில் கனமும் கீச்சும் மாறலாம், இரைச்சல் சற்றுக் குறையலாம்; அதனால் மட்டும் வாத்தியங்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடாது.

கடைசிப் பகுதியில் வரும் புரியாத குரல் எந்த மந்திரமும் அல்ல. இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்ஸின் கலேக்கும் இடையே ஓடும் கப்பலின் டிக்கெட்டில் பின்பக்கம் அச்சடித்திருந்ததை ஃப்ரோசே படித்திருக்கிறார்; அந்தப் பதிவு பின்னோக்கி ஓடுகிறது. இதை வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் இயந்திரத்தைக் கவனிக்க வேண்டும். இரு தட இயந்திரத்தில் பதிந்த சுருள்களை இடம் மாற்றிப் போட்டாலே ஒலி பின்னோக்கி வரும். இடமும் வலமும் மாறிக்கொள்ளும், அவ்வளவுதான். வீடுகளில் அதிகம் புழங்கிய நான்கு தட ஸ்டீரியோ இயந்திரத்தில் அப்படிச் செய்தால் டேப்பின் மறுபக்க நிகழ்ச்சி கேட்கும், அல்லது வெறும் இரைச்சல்.

தட்டை ஓட்டுவதில் இந்த நாட்டில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய டர்ன்டேபிள்கள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை. நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜைக் குறைக்கும்; ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரம் வினாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை, தொடாது. ஆகவே, மின்சார ஹெர்ட்ஸை ஒட்டிச் சுற்றும் மோட்டாராக இருந்தால் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் 27.8 சுற்றுதான் கிடைக்கும். சினிமாப் பாட்டென்றால் பாடகர் குரல் கனப்பதிலேயே பிடிபட்டுவிடும். மெட்டோ பாட்டோ இல்லாத இந்தத் தட்டில் யாருக்கும் தெரியாது. 'ஆழ்ந்த தியான இசை' என்று கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். கடிகாரம் வைத்துப் பாருங்கள். முதல் பக்கம் சுமார் 18½ நிமிடத்தில் முடிய வேண்டும். 22 நிமிடம் ஓடினால் மோட்டார் தண்டிலுள்ள கப்பியை 50 ஹெர்ட்ஸுக்கு உரியதாக மாற்றுங்கள். டூயல் போன்ற ஜெர்மன் இயந்திரங்களுக்கு இரு வகைக் கப்பியும் உண்டு.

டர்பன் கடற்கரைப் பக்கத்தில் தட்டுக்கும் அட்டைக்கும் பூஞ்சை பிடிக்கும். இதுபோன்ற வைனில் தட்டைத் துடைக்க, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, காய்ச்சி வடித்த நீர் நான்கு பங்கு, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஓரிரு துளி. மென்மையான துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் வடித்த நீரால் மறுபடி துடைத்து நிறுத்தி உலர்த்தினால் போதும். சோப்பு தங்கினால் ஊசியில் அழுக்குத் திரளும். இதே கலவையைத் தாத்தா காலத்து 78 சுற்று கர்நாடக, நாடகத் தட்டுகளில் தடவிவிடாதீர்கள். அவை அரக்குத் தட்டுகள். ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். போன பள்ளம் திரும்பாது.

முதல் பதிப்பு வாங்க நினைப்பவர்கள் ஓஎம்எம் 56.004 என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். அதனுடன் ஒரு பலூனும் தந்தார்கள். பலூன் கூட இருந்தால் விலை ஏறும். அதைத் தட்டோடு ஒரே உறைக்குள் வைக்காமல் தனியாக வையுங்கள். பழைய ரப்பர் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். இசைக்காக மட்டும் என்றால் மறுபதிப்பே தாராளம். புதிதாகக் கேட்பவர்கள் இரண்டாம் பக்கத்தில் தொடங்கலாம். அதன் நடுவில் வரும் நான்கு நிமிடப் பகுதியில்தான் டிரம்ஸ் ஒரு நிலையான தாளத்தைப் பிடிக்கிறது. முதல் பக்கத்தின் பன்னிரண்டரை நிமிடப் பகுதியை மொபைல் ஸ்பீக்கரில் கேட்பது வீண். செல்லோவின் கீழ்ச்சுரம் அதில் வராது.

தம்பூரா விஷயத்துக்கு மறுபடி வருகிறேன். ஜெர்மன் ராக்கில் நம் சங்கீதம் உண்மையிலேயே கலந்த இடம் வேண்டுமானால், இதற்கு முந்தைய எண்ணில், 56.003இல், அதே 'ஓர்' வழியாக முதல் தட்டை வெளியிட்ட எம்ப்ரியோ குழுவைப் பாருங்கள். பிற்பாடு இந்தியாவுக்குப் போய், பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு சேர்ந்து பதிவு செய்தவர்கள் அவர்கள். டி. ஏ. எஸ். மணியின் மிருதங்கமும் ஆர். ஏ. ரமாமணியின் குரலும் அங்கே இருக்கின்றன. அடுத்த கட்டுரைக்கு அதை எடுத்துக்கொள்ளலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டர்பன்