படம் வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வரவேற்பறையிலும் அலுவலகத்திலும் மலை, கடல், காடு என்று பெரிய நிலக்காட்சிப் புகைப்படங்களை மாட்டுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை படித்தோம். எந்த நிறச் சுவருக்கு எந்தப் படம் பொருந்தும் என்பதை நன்றாகவே சொல்லியிருந்தார்கள். அந்தப் படம் நம் கடலோர ஊர்களில் இரண்டு மழைக்காலம் தாங்குமா என்பதை மட்டும் யாரும் தொடவில்லை. கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்களும் ஓரத்தில் பூஞ்சணம் பூத்த படங்களும் சென்னை, புதுச்சேரி, தூத்துக்குடி பிரேம் கடைகளில் சாதாரணம். இதில் கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை.

படத்தின் முகம் கண்ணாடியைத் தொடவே கூடாது. தொட்டால், புழுக்கத்தில் காகிதத்தின் மேற்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பிரித்தால் நிறமும் சேர்ந்து உரிந்து வரும். இடையில் மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி விளிம்பாக வரும், நடுவில் வெட்டிய அட்டை) வைத்தால் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். வெள்ளை விளிம்பு பிடிக்காதவர்கள், பிரேமின் உள்விளிம்பில் மூன்று மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பட்டை வைக்கச் சொல்லலாம். போர்டு அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும். மலிவான போர்டில் வெட்டிய விளிம்பு சில வருடங்களில் பழுப்பாகி, அந்தப் பழுப்பு படத்துக்கும் இறங்கும்.

அடுத்தது ஒட்டும் விதம். நான்கு பக்கமும் டபுள் சைடு டேப் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். அலுவலகத்தில் பகலெல்லாம் ஏசி, இரவில் அது நின்றதும் ஈரம். காகிதம் சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும். நகர இடமில்லாவிட்டால் நடுவில் அலையலையாக எழும்பும். மேல்விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் காகிதக் கீல் (சிறு காகிதப் பட்டை) ஒட்டித் தொங்கவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அச்சான அன்றே பிரேம் போடும் அவசரமும் வேண்டாம். இங்க்ஜெட் மையிலுள்ள கரைப்பான் முழுதாக ஆவியாகாமல் அடைத்துவிட்டால் கண்ணாடியின் உட்புறம் மங்கலாகப் படியும். மேலே சாதாரணத் தாளைப் போட்டு ஒரு நாளாவது உலரவிட வேண்டும்.

சுவரைச் சோதிக்கச் செலவே இல்லை. ஓரடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவரை ஒட்டிய பக்கம் ஈரம் கோத்திருந்தால் அங்கே படம் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் நேரடியாக நனையும் வெளிச்சுவரும், மறுபக்கம் குளியலறை உள்ள சுவரும் இதில் பெரும்பாலும் தேறாது. நல்ல சுவரிலும் பிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் குமிழ் ஒட்டிக் காற்றுக்கு வழி விட வேண்டும். இராமபாணப் பூச்சிக்குப் பசையும் காகிதமும் விருந்து என்பதால் பின்பக்கத்தை டேப் போட்டு மூடியே ஆக வேண்டும்.

மை, காகிதம் இரண்டையும் கடையில் கேட்டே வாங்குங்கள். நுண்ணிய நிறத்துகள்கள் கொண்ட பிக்மென்ட் மை நீண்ட நாள் நிற்கும். சாயம் கரைந்த டை மை வெயில் படும் இடத்தில் சீக்கிரம் வெளிறும். வால்பாறையின் மூடுபனிக்குப் பருத்திக் காகிதத்தின் மேட் (பளபளப்பில்லாத) பரப்பு அழகு. அதே காகிதத்தில் பிச்சாவரத்து அலையாத்தி வேர்களை அச்சிட்டால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். அதற்குப் பளபளப்புள்ள பரைட்டா காகிதமே (பேரியம் சல்பேட் பூச்சுள்ளது) சரி. கேன்வாஸ் என்றால் கட்டையைச் சுற்றி மடிக்க ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக அச்சிட வேண்டும். இல்லையென்றால் ஓரத்துப் பனைமரம் சட்டத்தின் பக்கவாட்டுக்குப் போய்விடும்.

அளவு விஷயத்தில் ஒரு கணக்கு. 24 மெகாபிக்சல் படத்தில் 6000×4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 என்றால் 20×13 அங்குலம். ஆறடி தள்ளி நின்று பார்க்கும் சுவருக்கு 150 போதும் என்பதால் 40 அங்குல அகலம் வரை தாராளமாகப் போகலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் நீளவாக்கில் 1600 புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடும். அதை 24 அங்குலமாக்கினால் அங்குலத்துக்கு 67தான். இலைகள் எல்லாம் பச்சைக் கறையாகும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கடையில் தயாராகக் கிடைக்கும் 16×20 பிரேமுக்கு ஆசைப்பட்டால் 3:2 விகிதமுள்ள கேமரா படத்தில் ஆறில் ஒரு பங்கை வெட்ட வேண்டியிருக்கும். 12×18, 16×24, 20×30 என்றால் வெட்டே இல்லை.

திரையில் பளிச்சென்று இருந்தது அச்சில் இருண்டு வருவதற்குப் பெரும்பாலும் திரையின் வெளிச்சம்தான் காரணம். முழுப் படத்துக்கு ஆர்டர் கொடுக்கும் முன் 8×12 அளவில் ஒரு சோதனை அச்சு எடுத்து, மாட்டப்போகும் சுவரில் இரவு விளக்கில் பாருங்கள். எடை பற்றியும் ஒரு வார்த்தை: 30×40 அங்குலத்துக்கு நான்கு மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே ஏழரைக் கிலோவுக்கு மேல் வரும். ஒற்றை ஆணியை நம்பாதீர்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குள் இருந்தால் கழுத்து வலிக்காது. நம் வீடுகளில் சாமி படத்தின் உயரத்திலேயே எல்லாவற்றையும் மாட்டுகிறோம்!

இணையத்தில் கிடைத்த படத்தை இறக்கி அச்சிட்டு வரவேற்பறையில் மாட்டும் நிறுவனங்களுக்கும் ஒன்று. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி (2012 திருத்தத்துக்குப் பிறகு) புகைப்படத்துக்கு, எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடமும் உரிமை உண்டு. எடுத்தவரின் அனுமதி எழுத்தில் வேண்டும்.

மையின் வகை, காகிதத்தின் பெயர், அச்சிட்ட தேதி ஆகியவற்றைப் பில்லிலும் பிரேமின் பின்புறத்திலும் எழுதித் தரும் வழக்கத்தைக் கடைக்காரர்கள் தொடங்க வேண்டும். வாங்குகிறவர்கள் கேட்டால்தான் அது நடக்கும்.

இப்படிக்கு,
புகைப்பட அச்சு, பிரேம் தொழிலில் உள்ள வாசகர்கள்,
மயிலாப்பூர், சென்னை.