கைகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

வணக்கம். என்னுடைய புதிய நாவல் 'பசை உலரும் நேரம்' அச்சாகி வந்துவிட்டது. நேற்று மாலை கட்டைப் பிரித்து முதல் பிரதியைக் கையில் எடுத்தேன். புதுத்தாள் வாசனை வருவதற்கு முன்பே காய்ச்சிய மைதாப் பசையின் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. வீட்டில் பசை கிடையாது. முப்பது வருடமாகவே கிடையாது. ஆனாலும் வந்தது.

நன்றி சொல்வதற்குப் பதிப்பாளர் ஒரு பக்கம் ஒதுக்கித் தந்திருந்தார். அதில் பாதிப்பேர்கூட அடங்கவில்லை. அதனால்தான் இந்தத் தனி மடல். உங்களில் பலர் "என் பெயரைப் போடாதே" என்று கேட்டுக்கொண்டீர்கள். யார் பெயரையும் போடவில்லை. அகப்பாடலில் வரும் தலைவனையும் தலைவியையும் பெயர் சொல்லிச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொல்லித் தந்த தமிழாசிரியை, "அவளுக்குப் பெயர் இருந்திருந்தால் அவள் யாரோ ஒருத்தியாகிப் போயிருப்பாள். பெயர் இல்லாததால்தான் நீயும் அவளாக முடிகிறது" என்றார். டீச்சர், காதலைப் பற்றி வகுப்பில் தலை நிமிர்ந்து பேசிய முதல் ஆள் நீங்கள்தான். நாற்பது பெண் பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீங்கள் எங்களைத் திட்டவில்லை. சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, மறுபடியும் பாட்டை முதலிலிருந்து வாசித்தீர்கள். அதற்கு நன்றி.

இனி திண்ணைக்கு வருகிறேன்.

1985 வாக்கில் கோவில்பட்டியில் எங்கள் தெருவில் தீப்பெட்டி ஒட்டாத வீடு அபூர்வம். தீப்பெட்டி ஆபீசிலிருந்து மரச்சீவலும் தாளும் வாங்கிவந்து, மடித்து, பசை தடவி, ஒட்டிக் காயவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கணக்கெல்லாம் குரோஸில். ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. வெயில் தாழ்ந்ததும் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் அதற்குக் கீழே வாசலிலுமாக ஆறேழு பெண்கள் வந்து உட்காருவார்கள். நடுவில் பசைச் சட்டி. எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் ஒட்ட உட்கார்ந்தால் பெட்டி கோணிக்கொள்ளும் என்று அம்மா எனக்கு வேறு வேலை கொடுத்தார். வார இதழில் வரும் தொடர்கதையை உரக்க வாசிப்பதுதான் அந்த வேலை. 'வாசிக்கிற பிள்ளை' என்றே தெருவில் என்னைக் கூப்பிட்டார்கள்.

எதிர்வீட்டு ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் கதாநாயகி என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்பது அவருக்கு நினைவிருக்கும். எழுதியவர் மறந்து நிறத்தை மாற்றியிருந்தால், "நில்லு பிள்ளை, தப்பாக வாசிக்கிறாய்" என்பார். மூலைவீட்டு மதினிக்குப் பணக்காரக் கதாநாயகர்களைப் பிடிக்காது. "இவன் இவளைத் தாங்குவான் தாங்குவான் என்கிறார்களே, இவள் வேலைக்குப் போனால் தாங்குவானா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. நான் எழுதிய ஐந்து நாவல்களும் ஏதோ ஒரு வகையில் மதினிக்குப் பதில் சொல்லும் முயற்சிதான்.

கதை எழுதும் வித்தையை நான் அந்தக் கைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். காட்சி உயிரோடு இருந்தால் ஒட்டுகிற கை நின்றுவிடும். பசை தொட்ட விரல் அந்தரத்தில் நிற்கும். பசை விரலிலேயே உலர்ந்து வெள்ளையாகத் தோல்விடும். அப்போது அம்மா எனக்குக் கண்ணைக் காட்டுவார்: கொஞ்சம் நிறுத்து, குரோஸ் குறைகிறது. காட்சி சவசவ என்று போனால் கைகள் தம்பாட்டுக்கு ஓடும். வாசிக்கிறவளுக்கு இதைவிடத் தெளிவான விமரிசனம் எங்கே கிடைக்கும்? இன்றும் எழுதி முடித்த அத்தியாயத்தை உரக்க வாசித்துத்தான் பார்க்கிறேன். கண் முன்னால் கைகள் இல்லாவிட்டாலும் எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்பது தெரிந்துவிடுகிறது.

அந்தக் கதைகள் எங்கள் கைக்கு வந்துசேர்ந்த வழியையும் சொல்ல வேண்டும். இதழைப் புதிதாகக் காசு கொடுத்து வாங்கும் நிலையில் எங்கள் தெருவில் யாரும் இல்லை. பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்கு வந்த கட்டிலிருந்து தொடர்கதை இதழ்களைத் தேதி வாரியாகப் பிரித்துத் தனியே எடுத்துவைப்பார். மார்க்கெட் பக்கத்தில் வாடகை நூல் நிலையம் ஒன்று இருந்தது. அங்கே மாத நாவல்கள் அட்டை கிழிந்து, பழுப்புத்தாள் உறை போட்டு, முதுகில் கயிறு கோத்து இருக்கும். ஒவ்வொரு நாவலிலும் ஏதாவது ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்ன அடையாளங்கள் இருக்கும். ஒரு பூ, ஒரு நட்சத்திரம், ஒரு பிறை. எதற்கு என்று நூல் நிலையத்து அண்ணாச்சியிடம் கேட்டேன். "படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துவிடக் கூடாது என்று பெண்கள் போட்டுவைக்கிற அடையாளம்" என்றார். சில புத்தகங்களில் ஒரே பூ நான்கு முறை இருந்தது. தெரிந்தேதான் மறுபடி எடுத்திருக்கிறாள்! அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் இந்த மடலில் பங்குண்டு.

சிறுவர் இதழான அம்புலிமாமாவிலிருந்து நேராக ராணிமுத்து மாத நாவலுக்குத் தாவிய தலைமுறை நாங்கள். இடையில் எங்களுக்கு என்று எதுவும் இல்லை. பதிமூன்று வயதிலிருந்து பதினெட்டு வரைக்குமான மனசுக்குத் தமிழில் கதை குறைவு. இப்போதும் குறைவு என்பதுதான் என் வருத்தம். பதினான்கு வயதில் நான் படித்ததெல்லாம் கல்யாணமான பெண்களுக்காக எழுதப்பட்டவை. அதனால் இந்த முறை பிளஸ் டூ படிக்கிற பெண்ணையும், பாலிடெக்னிக் போகிற பையனையும் வைத்து, அவர்கள் வயதுக்காரர்களுக்காகவே எழுதினேன்.

எனக்கு முன்னால் நடந்தவர்களை நினைக்காமல் இதை எழுதியிருக்க முடியாது. சின்னஞ்சிறு வயதில் மணமுடித்துப் பள்ளிக்கூடமே போகாத வை.மு.கோதைநாயகி அம்மாள், தன் முதல் படைப்பை வாயால் சொல்லச் சொல்ல, அவருடைய தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். பிறகுதான் கோதைநாயகி எழுதக் கற்று, 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களைத் தந்தார். நான் அவரை நினைக்கும்போதெல்லாம் பட்டம்மாளையும் சேர்த்தே நினைக்கிறேன். ஒரு பெண் சொல்ல, இன்னொரு பெண் எழுத என்றுதான் நம்முடைய வரிசை ஆரம்பித்திருக்கிறது. எங்கள் திண்ணை அதைத் திருப்பிப் போட்டதுதானே!

டாக்டர் திரிபுரசுந்தரி என்ற லட்சுமி, மருத்துவம் படிக்கப் பணம் போதாமல், ஆனந்த விகடனுக்குக் கதை எழுதி அந்தச் சம்பாத்தியத்தில் படிப்பைத் தொடர்ந்தவர். 1984-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். காதல் கதை எழுதிப் பிழைக்க முடியுமா என்று என்னைக் கேட்டவர்களிடம், காதலையும் குடும்பத்தையும் எழுதி ஒருவர் டாக்டரே ஆனார் என்று சொல்லியிருக்கிறேன். எழுத்தாளர் அநுத்தமாவுக்கு அந்தப் புனைபெயரைச் சூட்டி எழுத ஊக்கியவர் அவருடைய மாமனார். ரமணிச்சந்திரனின் நாவல்கள் எங்கள் வாடகை நூல் நிலையத்தில் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்ததே இல்லை. ஒருவர் திருப்பிக் கொடுக்கும்போதே அடுத்தவர் மேஜையருகில் நின்று வாங்கிக்கொண்டு போவார். இவர்களை எல்லாம் ஒரே மூச்சில் 'குடும்ப நாவல்' என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் இரண்டாவது நாவலைத் திருப்பி அனுப்பிய ஒரு பதிப்பகம் "இது பெண்கள் நேரம் போக்கப் படிப்பது" என்று எழுதியிருந்தது. நேரம் போக்குவதற்கு எங்கள் தெருப் பெண்களிடம் நேரம் இருந்ததில்லை. வேலை செய்துகொண்டே கேட்டார்கள்.

அந்தக் கடிதம் வந்த வாரம்தான் நீங்கள் மூவரும் எனக்குக் கிடைத்தீர்கள், தோழிகளே. புத்தகக் காட்சியில் அறிமுகமாகி, இரவு லாட்ஜ் மாடியில் பாயை விரித்து, யார் யாரைப் படித்து எழுத வந்தோம் என்று விடிய விடியப் பேசினோம். ஒருத்தி லட்சுமி என்றாள். ஒருத்தி ஜேன் ஆஸ்டின் என்றாள். 1811-இல் அவருடைய முதல் நாவல் வந்தபோது அதில் பெயரே இல்லை, 'ஒரு சீமாட்டி எழுதியது' என்றுதான் போட்டிருந்தது என்று அவள்தான் சொன்னாள். மூன்றாமவள் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் அக்கா எனக்கு எழுதிய கடிதங்கள்" என்றாள். அன்றிலிருந்து பதினொரு வருடம். நான் அனுப்பிய ஒவ்வொரு அத்தியாயத்தையும் படித்தீர்கள். பஸ்ஸில், மருத்துவமனை வரிசையில், பிள்ளைக்குச் சோறூட்டும் நேரத்தில் குரலாகப் பேசிப் பதில் அனுப்பினீர்கள். பின்னணியில் குக்கர் விசிலோடு நீங்கள் சொன்ன திருத்தங்கள்தான் இந்த நாவலின் முதல் நூறு பக்கம்.

இப்போது, இந்த நாவலின் கைப்பிரதியில் நான் கண்ட ஒரு பென்சில் குறிப்பைப் பற்றி.

கைப்பிரதியை முடித்ததும் பிளஸ் டூ படிக்கும் ஐந்து பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். மொழியைத் திருத்தினார்கள், செல்போன் பற்றி நான் எழுதிய பாதியை அடித்தார்கள். எல்லாம் சரியான திருத்தங்கள். நான்காம் அத்தியாயத்தில், பையன் தினமும் பஸ் நிறுத்தத்தில் அவளுக்காகக் காத்திருந்து, ஏழாம் நாள் அவள் திரும்பிப் பார்ப்பதாக எழுதியிருந்தேன். அந்த அத்தியாயத்தைப் பற்றி எனக்கு உள்ளூரப் பெருமை இருந்தது. பக்கத்தின் ஓரத்தில், மிகச் சிறிய எழுத்தில், உங்களில் ஒருத்தி எழுதியிருந்தாய்: "மூன்றாம் நாளே எனக்குப் பயமாக இருந்தது."

மகளே, அதைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. இப்படிப்பட்ட காட்சியைத்தான் திண்ணையில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். பின்னாலேயே வருவான், வழி மறிப்பான், கடைசியில் அவள் மனம் இளகும். அந்த இடங்களில் கைகள் என்ன செய்தன என்று யோசித்தேன். நிற்கவில்லை. வேகமாக ஓடின. யாரும் பேசவில்லை. எல்லோருக்கும் தெரிந்த காட்சி, அலுப்பில் கடக்கிறார்கள் என்றுதான் ஒன்பது வயதில் நினைத்திருந்தேன்.

அம்மாவிடம் கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார். எட்டாம் வகுப்பில் ஒருவன் சைக்கிளில் தினமும் பின்னால் வந்தானாம். தாத்தா காதுக்கு விஷயம் போனதும், அவனை ஒன்றும் சொல்லாமல், அம்மாவின் படிப்பை நிறுத்திவிட்டார்களாம். ஐம்பது வருடமாக என்னிடம் சொல்லாத விஷயம். "அதனால்தான் உன்னை வாசிக்க வைத்தேன்" என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

நான்காம் அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதினேன். புது அத்தியாயத்தில் பையன் முதல் நாள் நிற்கிறான். அவள் முகத்தைப் பார்க்கிறான். மறுநாள் வேறு பஸ்ஸில் போகிறான். அவர்கள் பேசிக்கொள்ள இன்னும் அறுபது பக்கம் ஆகிறது. அந்த அறுபது பக்கம்தான் நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது. அது மகளே உன்னுடையது. சைக்கிள் விஷயத்தை எழுதலாமா என்று அம்மாவிடம் அனுமதி கேட்டேன். "எழுது. அவனும் செத்துப்போயிருப்பான், தாத்தாவும் இல்லை. நான் இருக்கிறேனே" என்றார். அம்மா, உங்களுக்கு நன்றி என்று எழுதுவதற்கே கை கூசுகிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

ஒற்றுப்பிழை பார்த்தே கண் சிவந்த மெய்ப்புத் திருத்துநருக்கும், அட்டையில் பெண்ணின் முகத்தைப் போடாமல் பசை ஒட்டிய விரல்களை வரைந்த ஓவியருக்கும், காதல் கதை என்று தெரிந்தே அச்சிட்ட பதிப்பாளருக்கும் நன்றி. விடிகாலை நான்கு மணிக்கு நான் எழுதும் மேஜையில் சத்தமில்லாமல் டீயை வைத்துவிட்டுப் போகும் கணவருக்கும் நன்றி. பரீட்சை நேரத்திலும் இரண்டாம் பிரதியைப் படித்து "அந்தப் பையன் அழலாம் அம்மா, தப்பில்லை" என்று சொன்ன என் மகனே, அவன் அழுகிறான், நூற்று எண்பதாம் பக்கம்.

ஆச்சி இப்போது இல்லை. பெட்டி ஒட்டும் வேலையும் எங்கள் தெருவை விட்டுப் போய்விட்டது. எல்லாம் மெஷினுக்கு மாறிவிட்டது. மதினி இருக்கிறார், கண் மங்கிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை அதே திண்ணையில் முதல் அத்தியாயத்தை வாசிக்கப்போகிறேன். வருகிறேன் என்று மதினி சொல்லியனுப்பியிருக்கிறார். அம்மா இரண்டு கூடை பிச்சிப்பூவும் ஒரு கட்டு நாரும் வாங்கி வைக்கச் சொன்னார். கதை கேட்கும்போது கைக்கு வேலை வேண்டுமாம்.

மாறாத அன்புடன்,
உங்கள் வாசிக்கிற பிள்ளை,
கோவில்பட்டி