பிரேதப் பரிசோதனை முடிந்தும் காரணம் சொல்லவில்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தீ விபத்தில் இறந்தவர் பற்றிய உங்கள் செய்தியில், 'பிரேதப் பரிசோதனை முடிந்தும் காரணத்தைச் சொல்லாதது சந்தேகத்தைக் கிளப்புகிறது' என்று எழுதியிருந்தீர்கள். சட்ட மருத்துவம் கற்பித்தவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

உடலைத் திறந்ததும் விடை தெரிவது உண்டு. பெருந்தமனி வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருந்தால் மேசையிலேயே சொல்லிவிடலாம். தீயில் கருகிய உடல் அப்படியல்ல. தீப்பிடித்தபோது அவர் உயிரோடு இருந்தாரா என்பதுதான் முதல் கேள்வி. மூச்சுக்குழாயின் உள்ளே கரி படிந்திருந்தால் புகையைச் சுவாசித்திருக்கிறார். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபினில் பாதிக்கு மேல் அது பிடித்திருந்தால், பெரும்பாலும் தீக்காயத்துக்கு முன்பே புகை கொன்றிருக்கும். முதியவர், இதய நோயாளி என்றால் அதைவிடக் குறைந்த அளவே போதும். சரி, இரண்டுமே இல்லை என்றால் கொன்றுவிட்டு எரித்தார்கள் என்று அர்த்தமா? அதுவும் இல்லை. குண்டு வெடித்ததுபோல் திடீரெனப் பரவும் தீயில் புகையை இழுக்கும் முன்பே உயிர் போய்விடலாம்.

'கைகளை முறுக்கிப் போராடிய நிலையில் கிடந்தார்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெப்பத்தில் தசைகள் சுருங்கினால் எந்த உடலும் குத்துச்சண்டைக்காரர்போல மடங்கும், இறந்த பிறகு எரித்தாலும்கூட. மண்டை ஓடும் வெப்பத்தில் விரிசல் விடும், அதன் உள்பக்கம் ரத்தம் கட்டிக்கொள்ளும். பார்த்தால் யாரோ தலையில் அடித்ததுபோலவே இருக்கும். அனுபவம் குறைந்தவர்கள் ஏமாறுகிற இடம் இதுதான். ஆய்வக முடிவு வரும்வரை கருத்தை நிறுத்திவைப்பது அதனால்தான்; மறைப்பதற்காக அல்ல.

நீரில் மூழ்கிய மரணத்துக்கும் உறுதியான ஒற்றைச் சோதனை கிடையாது. வாயில் நுரை, ஊதிய நுரையீரல் எல்லாம் துணைச் சான்றுகள்தான். மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துத்தான் அங்கே வர முடியும்.

அப்புறம், 'இதயம் நின்றதால் மரணம்' என்று தயவுசெய்து போடாதீர்கள். இறந்த எல்லோருக்கும் இதயம் நின்றுதான் இருக்கும். ஏன் நின்றது என்பதுதான் காரணம். அது விபத்தா, தற்கொலையா, கொலையா என்பது இன்னொரு கேள்வி. அதற்குச் சம்பவ இடத்தையும் விசாரணையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதைப் பிரித்து எழுத இன்னும் இரண்டு வரி பிடிக்கும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சட்ட மருத்துவ ஆசிரியர்