இசை இதழ்களின் பட்டியலில் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்கழி பிறந்தால் இசை இதழ்களின் சீசன் மலர்களை விடாமல் வாங்குபவன் நான். அப்பா தவில் வாசித்தவர் என்பதால் எங்கள் வீட்டில் இந்தப் பழக்கம்.

போன ஆண்டு வாங்கிய ஒரு மலரைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பட்டுப்புடவை, வைர நகை, அடுக்குமாடி வீடு என்று விளம்பரங்கள். பேட்டிகள் எல்லாம் வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம். நாதஸ்வரத்துக்கு ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம், கீழே ‘மங்கள இசை’ என்று இரண்டு சொல். வாசித்தவர் பெயர்கூட இல்லை. வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளியை அவர் கை எப்படிச் சரிசெய்கிறது, ஒரு ராகத்தை எவ்வளவு நேரம் விரிக்கிறார் என்று கேட்டு எழுத யாருக்குமே தோன்றவில்லையா?

விளம்பரம் தருபவர் விரும்பும் வாசகரைத்தான் இதழ் தேடிப் போகும், சரி. மொழியும் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. 1983இல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்ருதி’ கர்நாடக இசைக்கும் நாட்டியத்துக்கும் பெரும் பணி செய்திருக்கிறது. ஆனால் அது ஆங்கில இதழ். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயிலில் தினமும் வாசிக்கும் கலைஞர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

நாதஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானாவுக்கு 1998இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. அந்த வாத்தியத்தின் வாரிசுகள் இன்றும் ஊர் ஊராக இருக்கிறார்கள். இந்த மார்கழி மலரில் அவர்களில் நால்வரையாவது, பெயரோடும் ஊரோடும், தமிழில் பேட்டி எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தவில்காரர் மகன்,
கும்பகோணம்