கத்திரி வெயிலும் கெட்டி ஆயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கத்திரி பிறந்தால் போதும், என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே பேச்சுதான். "அண்ணா, இந்த வெயிலுக்கு இன்ஜின் ஆயில் இவ்ளோ தண்ணியா இருந்தா வண்டி தாங்குமா? கெட்டியா 20டபிள்யூ-50 ஊத்திடுங்க." நான் சொன்னால் கேட்பதில்லை. பேப்பரில் வந்தால் நாலு பேராவது நம்புவார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

வெளியே 42 டிகிரி அடித்தாலும் சரி, ஊட்டிக் குளிரானாலும் சரி, ஓடிச் சூடான இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டைச் சுமார் 90 டிகிரியில் பிடித்து வைப்பது தெர்மோஸ்டாட்டின் வேலை. ஆயில் கேனில் கிரேடு என்று போட்டிருப்பதில் கடைசியாக உள்ள 20, 30, 40 என்ற எண், 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டுவது. அந்தக் கணக்கெல்லாம் போட்டுத்தான் வண்டிக் கம்பெனி கையேட்டில் கிரேடு எழுதியிருக்கிறது. டேஷ்போர்டு டிராயரில் பாலிதீன் உறை பிரிக்காமல் கிடக்குமே, அந்தப் புத்தகம்தான்.

இப்போது வரும் சின்ன பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றில் வால்வு திறந்து மூடும் நேரத்தை மாற்றுவதே ஆயில் பிரஷர்தான். அந்த ஆயில் போகும் துவாரங்கள் குறுகல். தண்ணியான 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் ஸ்டார்ட் ஆனதும் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும், பிக்கப் மந்தமாகும், மைலேஜும் அடிபடும். பிஎஸ்-6 டீசல் வண்டி என்றால் கிரேடு மட்டும் போதாது. சைலன்சர் லைனில் உள்ள டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி கரியை எரித்துத் தள்ளிவிடும். ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க அதனால் முடியாது, உள்ளேயே தங்கி அடைக்கும். அதனால்தான் சாம்பல் குறைந்த ரகம் கேட்கிறார்கள். கையேட்டில் ஏசிஇஏ என்ற ஐரோப்பியத் தரக்குறியில் சி2, சி3 என்று போட்டிருந்தால் கேனிலும் அதே இருக்கவேண்டும்.

பழைய வண்டி, ஆயில் குடிக்கிறது என்றால் கையேடு அனுமதிக்கும் பட்டியலுக்குள் ஒரு படி கெட்டியானதுக்குப் போகலாம். தப்பில்லை.

உண்மையில் நம் ஊரில் ஆயிலுக்குப் பகை வெயிலைவிட டிராஃபிக்தான். அயனாவரத்திலிருந்து புரசைவாக்கம் போய்ப் பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருகிற வண்டிக்குக் கிலோமீட்டர் ஏறாது, ஆனால் சிக்னலுக்குச் சிக்னல் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். நன்றாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுவதால் ஆயிலில் கலந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிப் போக நேரமில்லை. மழைக்காலத்தில் அப்படிப்பட்ட வண்டியில் ஆயில் மூடியைத் திருகினால் அடியில் மோர் நிறத்தில் பிசுக்கு அப்பியிருக்கும். "இன்னும் பத்தாயிரம் ஓடலையே" என்று அதற்குக் கணக்குச் சொல்லக்கூடாது. வருஷம் முடிந்தால் மாற்றிவிட வேண்டும்.

இனி சொல்வதற்கு என் தொழில்காரர்களே கோபித்துக்கொள்வார்கள். ஒரே பேரலை வைத்துக்கொண்டு வருகிற வண்டிக்கெல்லாம் அதிலிருந்தே ஊற்றும் இடங்கள் இருக்கின்றன. பில்லில் 'இன்ஜின் ஆயில் 3.5 லிட்டர்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். எந்த கிரேடு, ஏபிஐ என்ற அமெரிக்கத் தரக்குறியில் எஸ்பியா எஸ்என்னா, ஒன்றும் இருக்காது. வாசகர்கள் கேட்டு எழுதி வாங்குங்கள். சீலைக் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். காலி கேனை அங்கேயே விட்டுவிட்டு வராமல் ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்துக் குத்திவிடுங்கள். அலுங்காத கேனுக்குக் காயலான் கடையில் தனி விலை உண்டு. அது எதற்காக என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
கார் மெக்கானிக்,
அயனாவரம், சென்னை-23